ஆர் முந்தி

இல்ல மகள், அந்தப் பைல மடியில வெச்சிக்கங்க. நிலத்தில வெக்காதீங்க. இஞ்ச காலையில தண்ணி ஊத்திக் கழுவின நிலம். போன தவணைக்கு ஒரு மனிசன்ட காணி உறுதிப் பத்திரமெல்லாம் நனஞ்சி, அத வெயில்ல விரிச்சிப் போட்டு, கோழி கலைக்கிற மாதிரி பக்கத்திலயே குந்திக்கிட்டு இருந்தார். லோயர் கோட்டுக்குப் போயிட்டார், பத்தரைக்கு முன்னம் வரமாட்டார். உள்ளுக்க டைப் அடிக்கிறது சாலிஹ் காக்கா. அவர் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் நாம போகலாம். இரிங்க.

எவ்வளவு காசு முடியும் எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ல. காணியின்ட பெறுமதியப் பொறுத்தது. எனக்கு ஆறு வருசம். முதல் முதல் இந்த வாங்கில வந்து குந்தக்குள்ள என்ட மகள் தனுஷியா பள்ளிக்கூடச் சட்டையோட பக்கத்தில இருந்தவள். வாற தையில அவளுக்குக் கலியாணம். இண்டைக்கு எனக்குக் கடைசித் தவணை. கட்டளை கையில வந்திட்டா நொத்தாரிசிட்டப் போய் வயல மகள்ர பேருக்கு எழுதுறதுதான் மிச்சம்.

என்ட காணி இல்ல, தங்கச்சிர. நேசமலர் எண்டு பேர். நாங்க ரெண்டு பேர்தான், ஆம்புளச் சகோதரம் இல்ல. எங்கட பக்கம் காணி பூமியெல்லாம் பொம்புளப் புள்ளையளுக்குத்தானே. அம்மா எனக்கு வீட்டத் தந்தா, அவளுக்குக் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால வட்டையில மூணு ஏக்கர் வயலக் குடுத்தா. அவள் நாவலடியில குடியிருந்தவள். ஓம், நாவலடிதான். சுனாமிதான். அவளும் போயிட்டாள், அவட புள்ளயும் போயிட்டு. விதுசா. ஆறு வயசு, ஒண்டே ஒண்டுதான். புருசன் அழகரத்தினம் அப்ப கட்டார்ல. நானும் மகளும் லீவுக்கு எண்டு அங்க போய் நிண்ட நாங்க. நாங்க ரெண்டு பேரும் தப்பிட்டம்.

சரி, செலவக் கேட்டீங்க. சொல்றன். பைல் திறக்க ஒரு காசு, அது லோயருக்கு. வழக்குக்கு அது வேற. மரணச் சேட்டிபிக்கட், பிறப்புச் சேட்டிபிக்கட், கலியாணச் சேட்டிபிக்கட், எல்லாத்திலயும் பிரதி எடுக்கணும். எங்கட எல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டுதே, அதால அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு அலைச்சல், ஊர் விதானையிட்ட ஒரு அலைச்சல். மறுகா வயல அளக்கணும். அங்க நான் பட்ட பாடு இரிக்கே. வயல் ஆத்துக்கு அங்கால. அப்ப அங்க இயக்கம், இஞ்சால ஆமி. எந்தச் சேவயர் சங்கிலியத் தூக்கிக்கிட்டுத் தோணி ஏறுவான்? ரெண்டாயிரத்தி ஏழுல அங்கால ஆமி புடிச்ச பொறவும் மிதிவெடி எண்டு ரெண்டு போகம் விடல்ல. அளந்து முடிய சண்டையும் முடிஞ்ச. சண்டை முடிய காணி வில ஏறிட்டு. ஒரு அளவுக்குக் கீழ இருந்தா இந்த வழக்கே தேவையில்லையாம். சுனாமியோட செய்திருந்தா ஒரு முத்திரையும் இல்லாம முடிஞ்சிருக்கும். சமாதானம் வந்து எனக்குச் செலவக் கூட்டிட்டு.

சிரிங்க மகள், பரவாயில்ல. நானும் சிரிச்ச நான்தான்.

மறுகா பேப்பரில விளம்பரம். தமிழ்ப் பேப்பர், சிங்களப் பேப்பர், இங்கிலீசு. செத்தவட கடன்காரர் ஆராவது இருந்தா வந்து சொல்லட்டாம். சிங்களப் பேப்பரில நாவலடி நேசமலர ஆரு தேடப் போறா? ஆனா போடத்தான் வேணும். வந்தது ஒரே ஒரு ஆள். காத்தான்குடியில இருந்து கைறுன்னிஸா. சீட்டுப் புடிக்கிறவ. இவள் எவ்வளவு கடன் வெச்சிட்டுப் போனாளோ எண்டுதான் நான் நினைச்ச நான். அந்த மனிசி சீலைத் தலப்ப அவுத்து மூவாயிரத்தி ஐநூறு ரூவாவ என்ட கையில வெச்சா. நேசம் கட்டின சீட்டுக் காசாம். ஆரிட்டக் குடுக்கிற எண்டு தெரியாம வெச்சிருந்தாவாம். கையப் புடிச்சி அழுதா. எனக்கு அழுகை வரல்ல. அதக் கொண்டு வந்து லோயரிட்டச் சொன்னன். அதையும் சொத்துக் கணக்கில சேக்கணும் எண்டார்.

ஓம், செத்த செலவு கழிக்கலாம். பெட்டி, குழி வெட்டின கூலி, எட்டுச் செலவு, முப்பத்தொண்டு, இதெல்லாம் சொத்தில இருந்து கழிபடும். ஆனா ரசீதுத் துண்டு வேணும். துண்டாம். அண்டைக்கு நாங்க ஆள்களப் பாயில சுத்தி வரிசையாப் போட்டு மூடின நாங்க. ஆரு துண்டு தந்தா? வருசா வருசம் செய்ற திவசத்தக் கேட்டன், அது கழிபடாதாம். அது சொத்தின்ட செலவு இல்லையாம், எங்கட செலவாம். அது சரிதான். மார்கழிப் பறுவத்தில, அந்தப் பௌர்ணமியிலதானே கடல் வந்த, ரெண்டு பேருக்கும் ரெண்டு இலை போட்டுப் படைக்கிறன். முந்திப் போன ஆளுக்கு முந்தி இலை போடணும் எண்டு பூசை செய்ற ஐயர் முதல் வருசமே சொல்லித் தந்தவர். ஆறு முறையும் அப்படித்தான் போட்ட நான்.

ஒங்கட இவர் எப்ப காணாமப் போனது?

ம்ம்.

கடைசியாக் கண்டது ஆரு? ஓ, கடைசிச் சண்டைக்குள்ள, மாத்தளன்ல. ஆஸ்பத்திரியில ஒரு பொடியன் கண்டதாமா? சரி. அவன் இப்ப எங்க? அதுவும் தெரியாதா. சரி, சரி. இப்ப புதுச் சட்டம் ஒண்டு வந்திரிக்கு, காணாமப் போன ஆளுக்கும் மரணச் சேட்டிபிக்கட் எடுக்கலாம். அத எடுத்தாத்தான் அவர்ர பாங்குப் புத்தகம், காணி எல்லாம். அதுக்குத்தானே வந்திரிக்கீங்க. மாமி பேசுறாவா? எடுக்காத, என்ட மகன் உசிரோட இரிக்கான் எண்டு? பேசட்டும். அவவுக்கு அவட வயிறு. ஒங்களுக்குப் புள்ள ரெண்டு.

ஆனா ஒண்டு சொல்றன். திகதி கேப்பாங்க. எண்டைக்குச் செத்த, எத்தின மணிக்குச் செத்த எண்டு சொல்லாம விடமாட்டாங்க. நீங்க தெரியாது எண்டு சொன்னா, தெரியாது எண்டு எழுத அந்தக் கடதாசியில இடமில்ல. எங்களுக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில மேசை போட்டுப் பதிஞ்சாங்க. பதியுற ஐயா தலையத் தூக்கிப் பாக்கவேயில்ல. பேர், வயசு, ஊர், கையெழுத்து. திகதி இருவத்தாறு, நேரம் காலை ஒம்பது மணி. எல்லாருக்கும் ஒம்பது மணி. ஊரே ஒம்பது மணிக்குச் செத்த. ஒம்பதேகாலுக்குச் செத்த ஆள் நாவலடியில ஒருத்தரும் இல்ல.

அந்த ஒம்பது மணிதான் எனக்குப் பிறகு வினையா வந்த. லோயர் ரெண்டு சேட்டிபிக்கட்டையும் பக்கத்தில பக்கத்தில வெச்சிப் பாத்தார். கண்ணாடியக் கழட்டிட்டுக் கேட்டார், அம்மா, இதில ஆர் முந்திப் போன?

எனக்கு விளங்கல்ல. ஆர் முந்திப் போனா என்ன, ரெண்டு பேரும் இல்லத்தானே.

அப்படி இல்லையாம். இத நீங்களும் கேட்டு வெச்சிக்கங்க, ஆருக்கும் உதவும். புள்ள முந்திப் போய், தாய் பிறகு போனா, தாய் போகக்குள்ள அவவுக்குப் புள்ள இல்ல. அப்ப வயலில பாதி புருசனுக்கு, பாதி கூடப் பிறந்த எனக்கு. ஆனா தாய் முந்திப் போய், புள்ள பிறகு போனா, தாய்ர பங்கு புள்ளக்கு வந்திரும். அந்தப் புள்ள போனா அதின்ட பங்கு தகப்பனுக்கு. அப்ப முழு வயலும் புருசனுக்கு, எனக்கு ஒரு வரம்பும் இல்ல. எவ்வளவு நேரம் பிந்தணும் எண்டு கேட்டன். நேரம் இல்ல அம்மா, ஒரு நிமிசம் பிந்தினாலும் போதும், அந்த ஒரு நிமிசம் வயல் அந்தப் புள்ளக்குச் சொந்தம் எண்டார்.

நீங்க கூட இருந்த நீங்க, கண்ணால கண்ட நீங்க, நீங்க சொன்னா எடுபடும். யோசிச்சிச் சொல்லுங்க எண்டு கதவச் சாத்திட்டுப் போயிட்டார். நல்ல மனிசன். பொய் சொல்லு எண்டு ஒரு வார்த்தை அவர் சொல்லல்ல.

நான் யோசிச்ச நான் மகள். என்ட இவர் தொண்ணூறிலயே போயிட்டார், அப்ப தனுஷியா வயித்தில மூணு மாசம். கூலிக்கு நெல்லுக் குத்தி, இடியப்பம் அவிச்சி வளத்த புள்ள. அம்மா தந்த வீடு தொண்ணூறிலயே எரிஞ்ச, மிஞ்சினது தகரக் கொட்டில். சீதனம் இல்லாம இவள ஆரு கேப்பா? அழகரத்தினத்துக்கு வயசு அப்ப முப்பத்தாறு. ஆம்புள. நாளைக்கு இன்னொண்டக் கட்டுவார், அதில பொம்புளப் புள்ள பிறக்கும். எங்கட அம்மம்மாட தாய் காடு வெட்டிக் கழனியாக்கின வயல் வேற குடியில பிறந்தவளுக்குச் சீதனமாப் போயிரும். இப்படித்தான் நான் யோசிச்ச நான். இந்த வாங்கில, இதே மூலையிலதான்.

அவர் கட்டல்ல. ஏழு வருசமாகுது, கட்டவேயில்ல. அத நான் அப்ப கண்டனா?

மறுகா சத்தியக் கடதாசி எழுதினாங்க. புள்ளதான் முந்திப் போன எண்டு நான் சொன்னன். சாலிஹ் காக்கா டைப்பில கைய வெச்சிக்கிட்டு, எப்படி எண்டு கேட்டார். சும்மா முந்திப் போன எண்டு எழுத ஏலாதாம், ஜட்ஜ் ஐயா ஏத்துக்கொள்ளமாட்டாராம். எப்படி எண்டு வேணும். அப்ப வாய் தானாச் சொல்லிச்சி. தாயும் புள்ளயும் கையக் கோத்துக்கிட்டு ஓடினாங்க, முதல் தண்ணி வரக்குள்ள தாய்ர கையில இருந்து புள்ள விடுபட்டுப் போயிட்டு, தாய் பிறகு வந்த தண்ணியிலதான் போன எண்டு. அவர் டக் டக்கெண்டு அடிச்சார். அடிச்சிட்டு, அல்லாஹ்வே எண்டு சொல்லிக் கண்ணத் தொடச்சார். எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். நீல மையில கையெழுத்துப் போடச் சொன்னார். சத்தியத்துக்கு ஒப்பம் வெச்ச சமாதான நீதவான், ஜே.பி.க்கு இருநூறு ரூவா.

அவ்வளவுதான் மகள். கோட்டில ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல்ல. நான் வீட்டில கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிச் சொல்லிப் பழகின நான். தேவப்படவேயில்ல.

அழகரத்தினத்துக்கு நோட்டீசு போன. ஆட்சேபணை இருந்தா சொல்லட்டும் எண்டு. லீவு எடுத்து வந்தார். எனக்குச் சண்டை புடிப்பார் எண்டுதான் பயம். உள்ளுக்க அந்தக் கதிரையில குந்தி என்ட சத்தியக் கடதாசிய வாசிச்சார். மூணு பக்கம்தான். ரெண்டாவது பக்கத்தில ஒரு வரியில விரல வெச்சவர், எடுக்கவேயில்ல. மின்விசிறிக் காத்துக்குத் தாள் படபடக்குது, அவர் விரலால அமத்திக்கிட்டே இரிக்கார். மறுகா என்னப் பாத்து, அக்கா, நேசமா கைய விட்டவள் எண்டு கேட்டார்.

நான் என்ன சொன்ன எண்டா, தண்ணி எண்டா அப்படித்தான் தம்பி எண்டு சொன்னன்.

வயலப் பத்தி ஒரு சொல்லுக் கேக்கல்ல. ஆட்சேபணை இல்ல எண்டு கையெழுத்துப் போட்டார். என்ட பாதியையும் தனுஷியாக்கே எழுதுங்க அக்கா, எனக்கு ஆரிரிக்கா எண்டார். ஓம், முழுசையும் தந்திட்டார். அப்ப நான் சொன்ன பொய்யும்... சரி அத விடுங்க. லோயர் எழும்பிக் கை குடுத்தார். இப்படிச் சம்மதிக்கிற கட்சிக்காரரக் கண்டதே இல்ல எண்டார்.

அண்டையில இருந்து நேசத்தின்ட பேர அவர் எடுக்கிறல்ல. முன்னமெல்லாம் அவர்ர போனில ரெண்டு பேரும் நிக்கிற படம் வெச்சிருந்தவர், நேசம் புள்ளயத் தூக்கி வெச்சிருக்கிற படம். இப்ப புள்ள மட்டும். திவசத்துக்குக் காசு அனுப்பிட்டு, விதுசாக்குச் செய்யுங்க அக்கா எண்டு சொல்லுவார். விதுசாக்கு. நான் ரெண்டு பேருக்கும் செய்றன், ஆனா அவருக்குச் சொல்றல்ல. பத்து வருசம் ஒரு சண்டை சச்சரவில்லாம வாழ்ந்த ஆக்கள். கட்டார்ல இருந்து அவளுக்குக் கசட்டில கதச்சி அனுப்பின மனிசன்.

நீங்க என்ன கேட்டீங்க? இல்ல, ஏதோ கேட்டீங்க.

ஓ. தாய் எப்படிப் புள்ளர கைய விடுவா எண்டா.

விடல்ல மகள். நேசம் வீட்டிலயே இல்ல. கரவலை இழுத்திரிக்காங்க, மீன் வாங்கிட்டு வாறன் எண்டு சட்டியத் தூக்கிக்கிட்டுக் கடக்கரைக்குப் போனவள். முதல் தண்ணியிலயே அவள் இல்ல. அத நான் வாசல்ல நிண்டு கண்ட நான். புள்ள என்னோடதான் நிண்ட. ஒரு கையில தனுஷியா, மத்தக் கையில விதுசா. தண்ணி எங்கள அள்ளிக்கொண்டு வந்து ஆத்தோரச் சேத்தில நிக்கிற கண்ணா மரத்துக்குள்ள போட்ட. நான் கொப்பக் கக்கத்தில இடுக்கிக்கிட்டு ரெண்டு பேரையும் புடிச்சிக்கிட்டு இருந்த நான். அரை மணித்தியாலம் இரிக்கும். விதுசா அழல்ல. பெரியம்மா, கை நோகுது எண்டு மட்டும் சொன்னாள். மறுகா ரெண்டாவது தண்ணி வந்த. கொப்பு முறிஞ்ச. அடுத்த கொப்ப எட்டிப் புடிக்க ஒரு கை வேணும்.

எனக்குத் தனுஷியா வலப் பக்கம், விதுசா இடப் பக்கம். வலக் கையாலதான் லேசா எட்டலாம். நான் இடக் கையாலதான் எட்டின நான்.

லோயர் சொன்ன சட்டப்படி பாத்தா அந்த அரை மணித்தியாலமும் மூணு ஏக்கர் வயலும் விதுசாட. ஆறு வயசில வயல்காரப் போடியாச்சி. முன்பல்லு ரெண்டும் இல்ல.

அழாதீங்க. ஆக்கள் பாக்கிறாங்க. நான் இத ஆருக்கும் சொன்னதில்ல, ஏன் ஒங்களுக்குச் சொன்ன எண்டும் தெரியல்ல. திகதி கேப்பாங்க எண்டு சொல்ல வந்து கத இஞ்ச வந்திட்டு. நீங்க ஒரு திகதி போடுங்க, புள்ளையளுக்குச் சோறு வேணும். ஆனா எப்படிச் செத்தார் எண்டு கேட்டா மட்டும் தெரியாது எண்டே சொல்லுங்க. எவ்வளவு கேட்டாலும் தெரியாது எண்டே சொல்லுங்க.

எனக்கு இப்ப வேற யோசினை. அழகரத்தினம் ராவு போன் எடுத்தவர். கலியாணத்துக்கு எண்டு ரெண்டு மாசம் லீவாம். மார்கழிப் பறுவத்துக்கு முன்னமே வந்திருவாராம். இந்த முற திவசத்துக்கு நானும் பக்கத்தில நிக்கிறன் அக்கா, புள்ளக்கு ஒரு முறையாவது என்ட கையால படைக்கணும் எண்டார். ஐயரும் அதே ஐயர்தான். முந்திப் போனவக்கு முந்தி இலை எண்டு சத்தமாச் சொல்லித்தான் இலைய நீட்டுவார். வாங்கி வெக்கிறது நான். ஆறு வருசமா நேசத்துக்குத்தான் முதல் இலை வெச்ச நான். சாமிக்கு முன்னால அத மாத்த எனக்குக் கை வரல்ல. இந்த முற அவர் பாத்துக்கிட்டு நிப்பார்.

கூப்பிர்றார், ஒங்கட பேர்தான். எழும்புங்க. கண்ணத் தொடச்சிட்டுப் போங்க, இல்லாட்டிச் சாலிஹ் காக்காவும் அழுதிருவார். பேனை கொண்டு வந்தீங்களா? இந்தாங்க, இது நீலம்தான்.